ஏழு, உள்ள வா

அக்டோபர் 12, ஞாயிறு

செட்டிபாளையம் டிராக்கில் இன்று நடந்த கார் ரேஸில் எங்கள் டீம் ஜெயித்தது. சுஹைல் முதலிடம், சென்னியப்பன் மூன்றாமிடம். முதலாளி தெய்வசிகாமணி சார் பிட்டில் எல்லோருக்கும் தன் கையாலேயே மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு.

பாதி ரேஸ் வரை முன்னால் ஓடியது சென்னியப்பன்தான். மெரினா டீமின் ஜெய்தீப் அவர் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே மூக்கை நுழைத்துப் பார்த்தான். எங்கள் கார்களில் சக்கரத்தின் மேல் மூடி கிடையாது. சக்கரமும் சக்கரமும் உரசினால் ஒரு கார் இன்னொன்றின் மேல் ஏறிவிடும். அந்த நேரத்தில் சென்னியப்பனின் இடது பின் டயரில் சூடு ஏறுவதைத் திரையில் பார்த்தேன். ரேஸுக்குள் ஒரு முறையாவது பிட்டுக்குள் வந்து டயர் மாற்ற வேண்டும் என்பது விதி. எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்து ரேடியோவில் சொல்வது என் வேலை. சொன்னேன்.

"ஏழு, உள்ள வா."

"இப்பவேயா? வண்டி நல்லாத்தான ஓடுது!"

"டயர் சூடு. உள்ள வா."

வந்தார். சீக்கிரமே மாற்றிய டயர் கடைசிச் சுற்றுகளில் தேய்ந்து வழுக்கியது. தாமதமாக மாற்றிய சுஹைலும் ஜெய்தீப்பும் அவரை முந்திக்கொண்டு போனார்கள். டயர் வெடித்து வெளியே நிற்பதைவிட மூன்றாமிடம் மேல்.

ரேடியோவில் நான் அவரை வா, போ என்றுதான் சொல்வேன். வீட்டில் வாங்க, போங்க. கல்யாணமான புதிதில் ஒருமுறை மறந்துபோய் "உள்ள வாங்க" என்று சொல்லி, பிட் முழுக்கச் சிரித்தது. அதிலிருந்து ரேடியோவில் அவர் எனக்கு ஏழாம் நம்பர் கார். அவ்வளவுதான்.

அக்டோபர் 13, திங்கள்

மாவு அரைத்தேன். ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டினேன். அவர் சாப்பிடாமலே சிங்காநல்லூர் கடைக்குப் போய்விட்டார். வீல் அலைன்மென்ட் கடைக்கு திங்கட்கிழமைகளில் கூட்டம் அதிகம்; அதனால்தான் இருக்கும்.

அக்டோபர் 15, புதன்

சார் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய பம்ப் கம்பெனியில்தான் எனக்கு வேலை, டெஸ்ட் லேபில். ரேஸ் டீம் அவருடைய ஆசை. என்னுடையதும்தான்.

இனி ஒரே ஒரு ரேஸ் பாக்கி. அடுத்த மாதம், இருங்காட்டுக்கோட்டையில். ஜெய்தீப் புள்ளியில் முன்னால் நிற்கிறான். அவனுக்கு ஆறு புள்ளி பின்னால் சுஹைல். சுஹைல் அந்த ரேஸை ஜெயித்தால் ஆண்டுக் கோப்பை எங்களுக்கு. இரண்டாவதாக வந்தால் பெரும்பாலும் போச்சு. சென்னியப்பனுக்கு இனி வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். செட்டிபாளையத்துக்கு முன்பு அவர்தான் சுஹைலைவிட மேலே இருந்தார்.

"ரெண்டு பரிசல்ல கால வெச்சா ஆத்துலதான் உளுவோம்," என்றார் சார். "இனி நம்ம டீமுக்கு மொதல் வண்டி சுஹைலோடது. டயரு, பிட்டு, எதுவானாலும் மொதல்ல அவனுக்கு. சென்னி, நீ அவனுக்குத் தொணையா ஓட்டோணும். என்ன நாஞ் சொல்றது?"

"சரிங்க சார்," என்றார் அவர்.

"இன்னொண்ணு. அடுத்த வருசம் புது காரு ஒண்ணுதான் எறக்கறேன். ஒரே டிரைவர்தான். கோப்பை கெடைச்சா அந்தக் காரு சுஹைலுக்கு. அம்மிணி, நீ என்ன சொல்ற?"

கணக்குப்படி அதுதான் சரி என்றேன். சென்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த பம்ப் மாதிரியைக் கையில் எடுத்து அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சென்னிமலையில், மாமியார் வீட்டில். அத்தை அவருடைய வலது மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, "மழைக்கு வலிக்குதா சாமி?" என்று கேட்டார். இல்லை என்றார்.

போன நவம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு கார்களின் சக்கரங்கள் மாட்டிக்கொண்டன. ஒன்று உருண்டது. மணிக்கட்டு முறிந்தது, பிறகு சேர்ந்தது. ஆறு மாதத்தில் மறுபடி ஓட்ட வந்துவிட்டார். எல்லா டிரைவருக்கும் நடப்பதுதான்.

முறுக்கு இந்த முறை நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

சுஹைல் ஆம்பூரிலிருந்து வந்திருந்தான். கம்பெனி ஷெட்டில் உள்ள சிமுலேட்டரில் பயிற்சி. இருபத்தொரு வயசு. என்னை அக்கா என்றும் அவரை அண்ணா என்றும் கூப்பிடுவான். வீட்டிலிருந்து பெரிய டிபன் கேரியரில் பிரியாணி கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கி அண்ணாவை ஏன் அவ்ளோ சீக்கிரம் உள்ள கூப்ட்டீங்க?"

"டயர் சூடு ஏறிடுச்சு சுஹைல்."

"என்னுதும்தான் ஏறுச்சு. எனக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"ரெண்டு காருக்கும் செட்டிங் வேற."

தலையை ஆட்டினான். டவலைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

"அன்னிக்கி ஜெயிச்ச கோப்பையை வீட்ல ஷோகேஸ்ல வெச்சிருக்காங்க. எனக்கு அதப் பாத்தா என்னமோ மாதிரி இருக்குக்கா. அண்ணா அப்ப உள்ள வராம ஓடியிருந்தா நான் ரெண்டாவதுதான்."

ஜெயித்தவனுக்கு இவ்வளவு யோசனை கூடாது, வளைவில் கால் தயங்கும் என்று சொல்லி அனுப்பினேன். நல்ல பையன்.

அக்டோபர் 29, புதன்

காஸ் சிலிண்டர் வந்தது. மழை.

நவம்பர் 5, புதன்

தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மெரினா டீம்ல கூப்புடறாங்க. அடுத்த வருசத்துக்கு."

"யாரு பேசுனாங்க?"

"மேனேஜரே பேசுனாரு. ஜெய்தீப்புக்கு ஜோடியா ஓட்டணுமாம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி காராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை." தட்டை எடுத்துக்கொண்டார். "அங்க ரேடியோல பேசறவன் எவனோ ஒருத்தன். பேரு கூடத் தெரியாது. அவன் உள்ள வான்னா, டயருக்குத்தான் கூப்புடறான்னு நம்பலாம்."

கல்லில் இருந்த தோசை தீய்ந்துவிட்டது. கல் சூடு அதிகம்.

நவம்பர் 13, வியாழன்

சென்னைக்குப் பயணம். கார்கள் லாரியில் முன்னால் போய்விட்டன. நாங்கள் இருவரும் எங்கள் வண்டியில். அவர்தான் ஓட்டினார். சேலம் தாண்டி, வாணியம்பாடி தாண்டி, பேசியது கொஞ்சம். டோல்கேட்டில் சில்லறை இருக்கா என்றார். இருக்கிறது என்றேன். ஆம்பூர் பக்கம் லாரி ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. அவர் லேசாக ஸ்டியரிங்கைத் திருப்பி ஒதுங்கி, எதுவும் நடக்காதது போல ஓட்டினார். நான் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் அறை. தலையணை கல் மாதிரி.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் சுஹைலோடு டிராக்கை நடந்து பார்த்தேன். தார் எங்கே உடைந்திருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்கும் என்று நடந்தால்தான் தெரியும். மூன்றாவது வளைவுக்கு முன்னால் என் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. அவனை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அங்கே மழைநீர் உள்பக்கமாகத் தேங்கும் என்று வந்து சொன்னான். அது எனக்குத் தெரியும்.

மதியம் பயிற்சி ஓட்டம். இரண்டு காரும் நன்றாக இருக்கின்றன. ஞாயிறு மழை வரும் என்கிறார்கள்; வராது என்றும் சொல்கிறார்கள்.

நவம்பர் 15, சனி

தகுதிச் சுற்றில் ஜெய்தீப் முதலிடம், சென்னியப்பன் இரண்டாமிடம், சுஹைல் மூன்றாமிடம். நாளைக்கு இந்த வரிசையில்தான் கார்கள் நிற்கும்.

சாயங்காலம் டிராக் வாசலில் இருந்த டீக்கடையில் அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"கொடி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்க."

"செட்டிபாளையத்துல என்னைய எதுக்கு உள்ள கூப்ட்ட?"

"டயர் சூடுன்னு அப்பவே சொன்னனே."

"சரி. ஆகஸ்ட்ல எதுக்குக் கூப்ட்ட? அப்பவும் ஒருத்தன் என் பக்கத்துல வந்து முட்டிட்டு இருந்தான். சூடுன்ன. அதுக்கு முந்தி பிரேக்குன்ன. எவனாவது என் சக்கரத்துக்குப் பக்கத்துல வந்தாப் போதும், உனக்கு என் வண்டியில ஏதோ ஒண்ணு கெட்டுப் போயிருது."

"கணக்குப் பாத்துத்தாங்க கூப்ட்டேன்."

அவர் டீயைக் குடிக்கவில்லை. கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார்.

"போன வருசம் வண்டி கவுந்து கெடந்தப்ப, நீ ரேடியோல கூப்ட்டுட்டே இருந்த. ஏழு, ஏழுன்னு. அப்பறம் பேரைச் சொல்லிக் கூப்ட்ட. எனக்கு அத்தனையும் கேட்டுச்சு கொடி. கை ஒடிஞ்சுருச்சு, பட்டனை அமுக்க முடியலை. உங்கிட்ட இதைய நான் சொன்னதே இல்ல."

"டீ ஆறுது," என்றேன்.

"எனக்குப் பயமா இருக்குது, ஓட்டாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே உட்டர்றேன், சத்தியமா. ஆனா ஓட்டறவனைப் புடிச்சு இழுத்து வெச்சுட்டு டயரு மேல பழி போடாத."

பக்கத்து பெஞ்சில் மெரினா டீம் மெக்கானிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

டயரில் சூடு ஏறித்தான் இருந்தது. பதிவு லேப்டாப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நான் இன்று பார்க்கவில்லை. நாளைக்கு ரேஸ்.

நவம்பர் 16, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து வானம் மூடியிருந்தது, மழை இல்லை. எல்லோரும் வழவழ டயரில் கிளம்பினார்கள். அதில் வெட்டுக்கோடே கிடையாது. காய்ந்த தரையைப் பசை மாதிரி பிடிக்கும், ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். மழை டயரில் கோடு வெட்டியிருக்கும். ஈரத்தில் பிடிக்கும், காய்ந்த தரையில் பிய்ந்துவிடும். எது எப்போது என்பதுதான் இந்த மாதிரி நாளில் ரேஸ்.

ஜெய்தீப், சென்னியப்பன், சுஹைல். இதே வரிசையில் மூவரும் ஒரு கயிற்றில் கட்டினது போல ஓடிக்கொண்டிருந்தபோது மூன்றாவது வளைவுப் பக்கம் மழை பிடித்தது. பிட் பக்கம் தூறல்கூட இல்லை. ஜெய்தீப் உடனே உள்ளே திரும்பி மழை டயருக்கு மாறினான்.

"அக்கா, அங்க நிக்கவே முடியல. உள்ள வரட்டா?" சுஹைல்.

எங்களிடம் டயர் மாற்ற ஒரே குழுதான். ஒரு நேரத்தில் ஒரு கார். டிராக்கில் முன்னால் வருவது சென்னியப்பன். அவரை முதலில் கூப்பிட்டால் சுஹைல் அவருக்குப் பின்னால் நின்று காத்திருக்க வேண்டும். கோப்பை அங்கேயே போய்விடும். சுஹைலைக் கூப்பிட்டால், அவர் இன்னொரு சுற்று அந்தச் சோப்பு டயரிலேயே, அந்த மழைக்குள் போக வேண்டும்.

மொதல் வண்டி சுஹைலோடது. அந்த முடிவுக்குக் கணக்குப்படி சரி என்று தலையாட்டியவள் நான்தான்.

என் கட்டைவிரல் ஏழாம் நம்பர் பட்டன் மேல் இருந்தது. சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நகர்த்தி மற்றதை அமுக்கினேன்.

"பதினொண்ணு, உள்ள வா."

சென்னியப்பன் பிட் வாசலைத் தாண்டி நேரே போனார். சுஹைலுக்கு டயர் மாற்றினார்கள். மூன்றாவது வளைவைக் காட்டும் கேமராவை நான் போன வருஷத்துக்குப் பிறகு திரையில் வைப்பதில்லை. இன்று வைத்தேன். தண்ணீருக்குள் அவர் கார் வந்தது. பின்பக்கம் வெளியே போனது. கார் குறுக்கே திரும்பி, தடுப்பைப் பார்த்தபடியே வழுக்கியது. ரேடியோவில் சத்தமே இல்லை.

நான் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார் நேரானது. "புடிச்சுட்டேன்," என்றார். மூச்சு வாங்கியது. பிறகு, "கொடி, கெழக்கால வெளுத்துருச்சு. இது நிக்கற மழை. டயர் மாத்தாம நான் இப்படியே இருக்கறேன்."

மழை ரேடார் படத்தில் இன்னும் நீலத்திட்டு இருந்தது. ஆனால் அந்தப் படம் எப்போதும் கொஞ்சம் பழசு. அவர் பார்ப்பது இப்போதைய வானம்.

"அம்மிணி, அவனையும் கூப்புடு," என்றார் சார். "இன்னொருக்கா வழுக்குனா வண்டி போயிரும். டயர்க்காரங்க ரெடியா நிக்கறாங்க."

முதலாளியே சொல்கிறார். கூப்பிட்டிருந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். சென்னியப்பனும்கூட. பட்டனை அமுக்கினேன்.

"இருங்க," என்றேன். "உள்ள வர வேண்டாம். ஓட்டுங்க."

பிட்டில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் இன்னும் சில சுற்றுகள் அந்த ஈரத்தில் ஓட்டினார். ஜெய்தீப்பும் சுஹைலும் மழை டயரில் அவரைத் தாண்டிப் போனார்கள். சார் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் கேமராவை மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வளைவுக்குள் அவர் நுழைவதையும் வெளியே வருவதையும் பார்த்தேன். அப்புறம் மழை நின்றது. வெயில்கூட அடித்தது. தார் காய்ந்து ஆவி பறந்தது. மழை டயரில் இருந்தவர்களுக்கு ரப்பர் பிய்ந்து தெறிக்க ஆரம்பித்தது. அவர்கள் மறுபடி உள்ளே வந்தாக வேண்டும். ஜெய்தீப்புக்கு ஒரு சுற்று முன்பே சுஹைலைக் கூப்பிட்டு மாற்றினேன். அதில் சுஹைல் அவனை முந்தினான். சென்னியப்பன் ஒரே ஒரு முறை உள்ளே வந்து புது டயர் மாட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் அடங்கியபோது வரிசை இது: சென்னியப்பன் முதலில். அவருக்குப் பின்னால் சுஹைல். அதற்கும் பின்னால் ஜெய்தீப்.

அதாவது அவர் ஜெயித்தால் எங்களுக்குக் கோப்பை இல்லை.

சார் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். "சொல்லிரு அம்மிணி. நாஞ் சொன்னா அவன் கேக்கமாட்டான்."

விபத்துக்குப் பிறகு அவர் ஒரு ரேஸும் ஜெயிக்கவில்லை. இது எனக்குத் தெரியும். டீமில் வேறு யாருக்காவது நினைவிருந்ததா என்று தெரியாது.

"ஏழு," என்றேன். நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன். "சுஹைல் ஜெயிச்சாத்தான் கோப்பை. அவனுக்கு வழி விடணும்ங்கறது டீமோட முடிவு. என் முடிவும் அதுதான். உங்க டயர் நல்லா இருக்கு. பிரேக் நல்லா இருக்கு. வண்டியில ஒரு குறையும் இல்ல. கோப்பைக்காக மட்டும்தான் கேக்கறேன்."

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

"கேட்டுச்சு," என்றார்.

ஆனால் வழி விடவில்லை. சுற்றுக்குச் சுற்று அவரே முன்னால் ஓடினார். சுஹைல் நெருங்கினான், அவர் வேகத்தைக் கூட்டி விலகினார். இன்றைய ரேஸின் மிக வேகமான சுற்றை அப்போதுதான் ஓட்டினார். சார் என்னைப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. நான் ஹெட்செட்டை மேஜை மேல் கழற்றி வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

கடைசிச் சுற்று. பின்பக்க நேர்ப்பாதையில் அவர் கார் வலது ஓரமாக ஒதுங்கியது. வேகம் குறைந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, போ என்று காட்டினார். சுஹைல் தாண்டிப் போனான்.

சுஹைல் முதலிடம், அவர் இரண்டாமிடம், ஜெய்தீப் மூன்றாமிடம். கோப்பை எங்களுக்கு.

சார் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். சுஹைல் காரிலிருந்து இறங்கியதும் நேரே சென்னியப்பனிடம் போனான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணா, சத்தியமா நான் கேக்கலண்ணா. நானா கேட்டிருக்கவே மாட்டேன்."

"நீ எங்கடா கேட்ட? டீம் கேட்டுச்சு," என்றார் அவர். "போயி மொதல்ல குளி. உன்மேல பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

நவம்பர் 17, திங்கள்

திரும்பும் வழியில் கிருஷ்ணகிரிப் பக்கம் சாப்பிட நிறுத்தினோம். செட்டிபாளையத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தன் இலையில் இருந்த அப்பளத்தை உடைத்துப் பாதியை என் இலையில் வைத்தார்.

நவம்பர் 22, சனி

அவர் மெரினா டீமுக்குச் சரி என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கு முன்னால் என்னைக் கேட்டார்.

"நீ என்ன நெனைக்கற?"

"போங்க," என்றேன். "இங்க உங்களுக்கு வண்டி இல்ல. அங்க இருக்குது."

"பயமா இல்லையா?"

"இருக்குது."

இதை அவரிடம் முதல் முறையாகச் சொன்னேன். அவர் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனார். நான் மடித்தேன்.

டிசம்பர் 3, புதன்

சார் லேபுக்கே வந்து கேட்டார். "நீயும் அவங்கூடப் போயிருவியா அம்மிணி? மறைக்காமச் சொல்லிரு, நான் வேற ஆளு பாக்கோணும்."

போகமாட்டேன் என்றேன். சுஹைல் காருக்கு நான்தான்.

"வீட்டுல சண்டை வராதா?"

"வரும்னுதாங்க சார் நெனைக்கறேன்."

சிரித்துக்கொண்டே போனார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

புது சீசனின் முதல் ரேஸ். செட்டிபாளையம்.

காலையில் இட்லி சாப்பிடும்போது அவர் சும்மா கேட்கிற மாதிரி, "சுஹைலை எப்ப டயர் மாத்தக் கூப்புடுவ?" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

சட்னியை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

கடைசிச் சுற்றுகளில் அவர் முதலில் ஓடினார், மெரினா டீமின் நீலக் காரில். சுஹைல் இரண்டாவது. நேர்ப்பாதையில் சுஹைலுக்கு வேகம் அதிகம், வளைவில் அவருக்கு. ஒரு சுற்றுதான் பாக்கி. முந்துவதானால் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, சறுக்கலான வலது வளைவு. உள்பக்கம் நுழைய வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் சக்கரம்.

"அக்கா, உள்ள போகட்டா? அண்ணா குறுக்க வந்து கதவைச் சாத்துனா ரெண்டு பேரும் போயிருவோம்."

"போ," என்றேன்.

போனான். இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் வளைவுக்குள் நுழைந்தன. புழுதி கிளம்பியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். சுஹைலுக்கு ஒரு கார் நுழைய எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவை மட்டும் அவர் விட்டார். அதற்கு மேல் ஒரு இம்மிகூட விடவில்லை. வெளிப்பக்கமாகவே அந்த வளைவு முழுவதையும் ஓட்டி, வெளியே வரும்போது ஒரு மூக்களவு முன்னால் இருந்தார். கோட்டையும் அப்படியே தாண்டினார்.

அவருக்கு முதலிடம். சுஹைலுக்கு இரண்டாமிடம்.

ஹெட்செட்டைத் தூக்கி எறிந்தேன். சார் வந்து, "பரவால்ல உடு அம்மிணி," என்றார். எனக்குப் பரவாயில்லாமல் இல்லை. சுஹைலை இன்னும் இரண்டு சுற்று தாமதமாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் கோபம் மண்டையில் ஏறியிருந்தது. சக்கரங்கள் உரசுகிற தூரத்தில் இருந்ததெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தோற்றுவிட்டோம் என்பது மட்டும்தான்.

சாயங்காலம் அவர் மேடையிலிருந்து இறங்கி, மாலையோடு எங்கள் பிட்டுக்கு வந்தார். "போலாமா?" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே ஓட்டினார்.